மருந்து இலவசம், அன்றைக்கே கிடைக்கும். அப்புறமும் ஏன் தாமதம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது. மருந்து இலவசம். தொற்று தெரிந்த அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கலாம் என்று அரசே சொல்கிறது. அப்படியும் பலர் மாதக்கணக்கில் மருந்துப் பக்கமே போகாமல் இருக்கிறார்களே, இது அறியாமைதானே? ஊரில் இத்தனை பேருக்கு இருக்கும்போது வெட்கப்பட என்ன இருக்கிறது? முதல் கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் இல்லை என்பதுதான். இரண்டாவது கேள்வி வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இருந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றில், எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் பதினோரு ஆண்டுகள் மருத்துவராக இருந்தேன். லாரித் தொழிலை நம்பியிருக்கும் பகுதி. ஒரு காலத்தில் இந்தியாவில் தொற்று அதிகம் என்று கணக்கிடப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பது இன்றைக்குப் பலருக்கு மறந்துபோயிருக்கும். ஆப்பிரிக்காவில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே நடப்பது பற்றிச் சொல்வதெல்லாம் வெளியான ஆய்வுகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மனிதர்கள் எப்படித் தயங்குவார்கள் என்பது மட்டும் நேரில் பார்த்தது.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். தாமதித்தால் உடம்பு கெடும். 2015இல் முடிவு வெளியான ஸ்டார்ட் ஆய்வு 35 நாடுகளில் 4,685 பேரிடம் நடந்தது. எல்லோரும் நோய் எதிர்ப்புச் சக்தியின் அளவைக் காட்டும் சிடி4 அணுக்கள் 500க்கு மேல் இருந்தவர்கள், அதாவது பார்வைக்கு ஒரு குறையும் இல்லாதவர்கள். சிடி4 350க்கு இறங்கட்டும் என்று காத்திருந்தவர்களைவிட, உடனே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடுமையான நோயோ மரணமோ 57 சதவீதம் குறைவாக இருந்தது. ஐவரி கோஸ்டில் நடந்த டெம்ப்ரானோ ஆய்வும் அதே ஆண்டில் அதே திசையைத்தான் காட்டியது. இன்னொன்று, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கி, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்று பரவாது. இந்த முடிவுக்கு அடித்தளம் போட்டது 2011இல் வெளிவந்த எச்.பி.டி.என். 052 ஆய்வு. துணைகளில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 1,763 ஜோடிகளிடம் ஒன்பது நாடுகளில் நடந்தது. சென்னையும் புனேயும் அதில் உண்டு. மருந்தைச் சீக்கிரம் தொடங்கியதில் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது. இந்த இரண்டையும் வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2015இல் தொற்று உள்ள எல்லோருக்கும் மருந்து என்றது. தென்னாப்பிரிக்கா 2016 செப்டம்பரிலும் இந்தியா 2017 ஏப்ரலிலும் அதை ஏற்றுக்கொண்டன. 2017 ஜூலையில் இன்னும் ஒரு படி மேலே போய், ஏழு நாளுக்குள் தொடங்க வேண்டும், தயாராக இருப்பவருக்கு அன்றைக்கே கொடுக்கலாம் என்று அந்த நிறுவனம் சொன்னது.

சரி, விதி மாறினால் ஆட்கள் வந்துவிடுவார்களா? அப்படி இல்லை என்று காட்டிய ஆய்வு, நீங்கள் கேட்ட அதே குவாசூலு-நட்டாலின் ஹ்லபீசா கிராமப்புறத்தில் 2012 முதல் 2016 வரை நடந்தது. வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்தார்கள். தொற்று இருந்தவர்களை நடந்து போகும் தூரத்தில் இதற்கென்றே வைத்த கிளினிக்குக்கு அனுப்பினார்கள். பாதி ஊர்களில் சிடி4 எவ்வளவு இருந்தாலும் மருந்து உண்டு என்றார்கள். அந்த ஊர்களில் புதுத் தொற்று குறையும் என்பது எதிர்பார்ப்பு. 2016இல் டர்பனில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் முடிவைச் சொன்னபோது, குறையவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. மருந்தில் குறை இல்லை. கிளினிக்குக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாத்திரையைத் தொடங்கினார்கள், வைரஸும் அடங்கியது. ஆனால் ஏற்கெனவே சிகிச்சையில் இல்லாதவர்களில் பாதிப் பேர்கூட ஆறு மாதத்துக்குள் கிளினிக் வாசலை மிதிக்கவில்லை. பரிசோதனை வீட்டுத் திண்ணைக்கே வந்தது, மருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது, அப்படியும் வரவில்லை. அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்த ஊர்களில் எச்.ஐ.வி. பற்றித் தெரியாத வீடே இருக்காது. ஒவ்வொரு வீட்டிலும் யாரையாவது அடக்கம் செய்திருப்பார்கள்.

இப்போது வெட்கத்துக்கு வருகிறேன். நோய் எல்லோருக்கும் இருக்கிற ஊரில் அது சாதாரணமாகிவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். நடப்பது நேர்மாறு. நோய் அதிகமுள்ள ஊரில் அதன் அடையாளங்களும் எல்லோருக்கும் அத்துப்படி. எந்தக் கிழமை எந்த வரிசையில் நிற்பவர் எதற்காக நிற்கிறார், எந்த அறைக் கதவு திறந்தால் யார் வெளியே வருவார், எந்த நிறக் கோப்பு எதற்கு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டப்பாவுக்குள் மாத்திரை குலுங்கும் சத்தம்கூடக் காட்டிக்கொடுக்கும் என்று தென்னாப்பிரிக்காவில் பஞ்சு வைத்து அடைக்கிறார்கள், கிளினிக்கிலேயே மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு டப்பாவைப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் மையத்தின் பின்பக்கம் கழிவறைக்குப் பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டி, மருந்து கொடுக்கும் நாள்களில் மத்தியானத்துக்குள் வெள்ளை டப்பாக்களால் நிறைந்துவிடும். பாதிக்கு மேல் லேபிள் கிழித்தவையாக இருக்கும். ஒரு அம்மா தன் மாத்திரையை உளுந்து டப்பாவுக்குள், உளுந்துக்கு அடியில் ஒரு சின்ன பாலிதீன் பையில் வைத்திருந்தார். அடுப்படி டப்பாவில் மாமியார் கைவைக்க மாட்டாரா என்று கேட்டேன். "கண்ணு தெரியாதுங்க டாக்டரம்மா, அரிசியும் பருப்பும்தான் எடுப்பாங்க" என்றார். இப்படித் தினமும் ஒரு திட்டம் போட்டுத்தான் ஒரு மாத்திரை சாப்பிட முடியும் என்றால், தொடங்குவதற்கு முன் ஒருவர் நாலு மாதம் யோசிப்பது எனக்குப் புரிகிறது.

பழைய மருந்துகளின் நினைவும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஆரம்ப காலத்தில் பரவலாகக் கொடுத்த ஸ்டாவுடின், சிலருக்குக் கன்னத்திலும் கை கால்களிலும் கொழுப்பைக் கரைத்துவிடும். முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும். அந்த மாத்திரை வழக்கத்திலிருந்து போய்ப் பல வருடம் ஆகிறது. இன்றைக்கு இங்கேயும் அங்கேயும் பெரும்பாலோருக்குக் கொடுப்பது டிஎல்டி என்ற கூட்டு மருந்து, ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை, அதிகத் தொந்தரவு இல்லாதது. ஆனால் சித்தப்பாவின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மருந்து என்றதும் நினைவுக்கு வருவது அந்த முகம்தான்.

ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் பாசிட்டிவ் என்று தெரிந்து பதினாலு மாதம் கழித்து எங்களிடம் வந்தார். சிடி4 200க்குக் கீழே இறங்கியிருந்தது. ரிப்போர்ட் எங்கே என்று கேட்டதும் சட்டைப் பையில் தேடவில்லை. கையில் இருந்த ஆர்சி புத்தக உறையைத் திறந்து, பின்பக்கப் பிளாஸ்டிக் மடிப்பிலிருந்து எட்டாக மடித்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து அழிந்திருந்தது. இவ்வளவு நாள் மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். "மறக்கறதா? ஒவ்வொரு செக்போஸ்ட்லயும் ஆர்சியை எடுத்து நீட்டறேனுங்க டாக்டரம்மா. ஒவ்வொரு தடவையும் அது கையில தட்டுப்படும்" என்றார். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். மையம் இருந்த ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் வார்டு பாயாக இருந்தார். கல்யாணம் முடியட்டும் என்று இருந்தார். முடிந்ததும் தங்கைக்கு வளைகாப்பு வந்தது, அதுவும் முடியட்டும் என்று இருந்தார். தாமதம் என்று கோப்பில் ஒரே சொல்லாக எழுதினோம். அவருக்கு அது பதினாலு மாதமும் தினமும் எடுத்த முடிவு.

ஆனால் எல்லாத் தாமதத்தையும் நோயாளியின் மனதுக்குள் தேடுவது நியாயம் இல்லை. பெரும்பகுதியை உண்டாக்கியவர்கள் நாங்கள். 2004 ஏப்ரலில் இந்தியாவில் இலவச மருந்து தொடங்கியபோது பெரும்பாலோருக்கு சிடி4 200க்குக் கீழே போனால்தான் மாத்திரை. அப்புறம் அந்த எல்லையைப் படிப்படியாக உயர்த்தினார்கள். 2017 வரை நானே எத்தனையோ பேரிடம், "சிடி4 நல்லா இருக்கு, இப்ப மருந்து வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்றைய விதி அது. கேட்டவர்கள் காதில் விழுந்தது "நல்லா இருக்கு" என்பது மட்டும். ஆறு மாதத்தில் வந்தவர்கள் சிலர். மற்றவர்களில் பலரை அடுத்து நான் பார்த்தது காசநோயோடு, ஸ்ட்ரெச்சரில். அந்த முகங்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழமானது. தாபோ எம்பெக்கி அதிபராக இருந்தபோது எச்.ஐ.வி.யால்தான் எய்ட்ஸ் வருகிறது என்பதையே வெளிப்படையாகச் சந்தேகித்தார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் சிபாரிசு செய்தார். குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கச் சொல்லி 2002இல் அரசியலமைப்பு நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அரசு மருத்துவமனைகளில் மருந்து வந்தது 2004இல். அந்தத் தாமதத்தால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பின்னால் கணக்கிட்டார்கள். மருந்துக்கான சிடி4 எல்லை முதலில் 200, 2011இல் எல்லோருக்கும் 350, 2015இல் 500, 2016இல் எல்லையே இல்லை. ஹ்லபீசாவில் இன்று நாற்பது வயதில் இருப்பவர், மருந்து விஷம் என்று கேட்டிருக்கிறார், சாகப்போகிறவருக்குத்தான் மருந்து என்று கேட்டிருக்கிறார், உங்களுக்கு இப்போது வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், கடைசியில் இன்றைக்கே சாப்பிடு என்று கேட்கிறார். எல்லாவற்றையும் சொன்னது அதே அரசு. அவர் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று நினைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் படிகள். ஒரு நாள் பரிசோதனை, இன்னொரு நாள் பதிவு, ரத்தம் எடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், ஆற்றுப்படுத்துநரைப் பார்க்க இரண்டு மூன்று நாள், வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவரச் சொல்லி இன்னொரு நாள். ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் வைத்த படிதான். மனதளவில் தயாராகாதவர் மருந்தைப் பாதியில் விட்டால் வைரஸ் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும் என்ற பயம் எங்களுக்கு. ஆனால் ஒவ்வொரு படியும் தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம், கூடவே பஸ் காசு, கூடவே ஒரு பொய்க் காரணம். இதைக் குறைத்தால் என்ன ஆகும் என்று ஜோகன்னஸ்பர்க்கில் 2013-14இல் 377 பேரிடம் சோதித்தார்கள். எல்லாச் சோதனையையும் ஒரே வருகையில் முடித்து மாத்திரை கொடுத்தபோது, மூன்று மாதத்துக்குள் 97 சதவீதம் பேர் மருந்து தொடங்கியிருந்தார்கள். வழக்கமான முறையில் 72 சதவீதம். லெசோத்தோ நாட்டின் மலைப்பகுதியில் வீட்டிலேயே பரிசோதித்து அன்றைக்கே மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் கிளினிக்கோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டவர்கள் சுமார் 69 சதவீதம், வெறும் சீட்டு கொடுத்து அனுப்பியவர்களில் 43 சதவீதம். தயாராகும்வரை காத்திருப்போம் என்ற எங்கள் பழைய வாதத்துக்கு இதற்கப்புறம் பெரிய பலம் இல்லை.

சந்தேகம் எங்கே இருக்கிறது என்றால், முதல் மாத்திரைக்கு அப்புறம். அதே லெசோத்தோ ஆய்வில் ஓராண்டு கழித்து வைரஸ் அடங்கியிருந்தவர்கள், அன்றைக்கே தொடங்கியவர்களில் 50 சதவீதம், மற்றவர்களில் 34 சதவீதம். வித்தியாசம் உண்மையானது, ஆனால் நல்ல முறையிலும் பாதிப் பேர் வழியில் நழுவிவிட்டார்கள். ஹெய்ட்டியில் நடந்த ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதை, 53க்கு 44. ஆய்வுக் கட்டுக்கோப்புக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் வழக்கமான கிளினிக் பதிவுகளை அலசியபோது, அன்றைக்கே தொடங்கியவர்கள் முதல் சில மாதங்களில் அதிகமாகக் காணாமல் போவதாகச் சில கணக்குகள் காட்டின. அவசரப்படுத்தியதால் போனார்களா, எப்படியும் போயிருக்கக்கூடியவர்களுக்கும் ஒரு டப்பா கிடைத்தது, அதனால் கணக்கில் ஏறினார்களா என்பதில் விவாதம் தீரவில்லை. இரண்டாவதுதான் பெரும்பாலும் உண்மை என்பது என் கணிப்பு. அது என் அனுபவத்திலிருந்து வருவது, நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாத் தாமதமும் தப்பு என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். மூளைச் சவ்வில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைத் தொற்று இருப்பவருக்கு மருந்தை உடனே தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஆய்வில், சீக்கிரம் தொடங்கியவர்களில்தான் இறப்பு அதிகம். அவர்களுக்கு நாலு முதல் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்கிறோம். காசநோய் மூளையைத் தாக்கியிருந்தாலும் பொறுத்துத்தான் தொடங்குவோம். அதனால் முதல் நாளே தலைவலி, காய்ச்சல், இருமல், எடை குறைவு எல்லாவற்றையும் விசாரிப்பது கட்டாயம். மற்றவர்களுக்கு அந்த விசாரணை அரைமணி நேர வேலை, அரை மாத வேலை இல்லை.

ஆண்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெண்களுக்குக் கர்ப்பகாலப் பரிசோதனை ஒரு வாசல். ஆண்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. குவாசூலு-நட்டாலின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள். கிளினிக் திறக்கும் நேரமும் வேலை நேரமும் ஒன்று. பதிவு ஓர் ஊரில், வயிற்றுப்பாடு இன்னோர் ஊரில். எங்கள் லாரிக்காரர்களுக்கும் இதே பாடுதான். மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்த அன்றைக்கு அவர்கள் முகத்தில் பார்த்த நிம்மதியை எந்த ஆற்றுப்படுத்தலும் கொண்டுவந்ததில்லை. கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த சர்ச் (SEARCH) என்ற ஆய்வு இதை ஊர் அளவில் செய்து பார்த்தது. எச்.ஐ.வி. முகாம் என்று போடாமல் பிபி, சர்க்கரை, மலேரியாவோடு சேர்த்துப் பரிசோதித்தார்கள். வந்தவரைச் சிரித்த முகத்தோடு வரவேற்றார்கள், ஒரு போன் நம்பர் கொடுத்தார்கள், மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் அந்த ஊர்களில் தொற்று உள்ளவர்களில் 79 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியிருந்தது, ஒப்பீட்டு ஊர்களில் 68. பிபி பார்க்கிற வரிசையில் நிற்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இத்தனை வருடத்தில் நான் பார்த்த யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அங்கே இப்போது எப்படி என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தென்னாப்பிரிக்காவில் சுமார் 80 லட்சம் பேர் தொற்றோடு வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்கள் நிலை தெரியும், மருந்து சாப்பிடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வைரஸ் அடங்கியிருக்கிறது. பள்ளம் நடுவில்தான், தெரிந்ததற்கும் சாப்பிடுவதற்கும் இடையில். 2025 பிப்ரவரியில் அந்த அரசு, நிலை தெரிந்தும் மருந்தில் இல்லாத 11 லட்சம் பேரை ஆண்டு முடிவதற்குள் கொண்டுவருவோம் என்று இயக்கம் தொடங்கியது. அவர்களில் பலர் ஒருமுறை தொடங்கி விட்டவர்கள். திரும்பி வரும்போது நர்ஸ் திட்டுவாரோ என்ற பயமும் அங்கே ஒரு தாமதக் காரணம். அதற்குச் சில வாரம் முன்புதான் அமெரிக்கா, மற்ற நாடுகளின் எச்.ஐ.வி. சிகிச்சைக்குத் தான் கொடுத்துவந்த பெப்ஃபார் நிதியை முடக்கியிருந்தது. அதில் வேலை இழந்த ஆயிரக்கணக்கானவர்களில், வீடு தேடிப் போனவர்கள், போன் செய்து நினைவுபடுத்தியவர்கள், முதல் நாள் கிளினிக் வாசல்வரை கூடவே நடந்துபோனவர்கள் நிறையப் பேர் உண்டு.

நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ கையில் அப்படி ஒரு சீட்டை வைத்திருந்து, அதனால் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால்: இந்தியாவில் 1097 இலவச உதவி எண். சொந்த ஊர் மையத்துக்குப் போகத் தயக்கம் என்றால் வேறு மாவட்ட மையத்தில் பதிய முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். எத்தனை மாதம் கழித்து வந்தாலும் மருந்து கொடுப்பார்கள். அந்த ஓட்டுநர் வந்த அன்று அவரிடம் ஏன் லேட் என்று நான் கேட்டிருக்கவே வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. முதலில் உட்காரச் சொல்லியிருக்கலாம்.